தேவசித்தத்தை அறிந்து நடப்பது எப்படி: தினசரிப் பழக்கமும் முடிவெடுக்கும் முறையும்

"இது தேவசித்தமா?" என்ற கேள்வியை விசுவாசிகள் பெரும்பாலும் மூன்று சமயங்களில்தான் கேட்கிறார்கள்: வேலை மாறும்போது, கல்யாணம் பேசும்போது, குடியிருக்கும் இடத்தை மாற்றும்போது. மற்ற நாட்களில் அந்தக் கேள்வி எழுவதே இல்லை. ஆனால் வேதாகமம் "தேவனுடைய சித்தம்" என்று பெயர் சொல்லிச் சொல்லும் சில இடங்களை எடுத்துப் பாருங்கள். 1 தெசலோனிக்கேயர் 4:3-ல் பரிசுத்தமாய் வாழ்வது. அதே நிருபம் 5:18-ல் எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்வது. 1 பேதுரு 2:15-ல் நன்மை செய்து, அறியாமல் பேசுகிறவர்களின் வாயை அடக்குவது. எந்த ஊரில் வேலை, யாரோடு கல்யாணம் என்ற பேச்சே அங்கே இல்லை. எல்லாமே இன்று காலையே ஆரம்பிக்கக்கூடியவை.

ஆகவே இந்த வழிகாட்டியும் அங்கிருந்தே தொடங்குகிறது. முதலில் தினசரிப் பழக்கம், பிறகு பெரிய முடிவுகள். அவசரமாக ஒரு முடிவு எடுக்கவேண்டிய நிலையில் இதைப் படிப்பவர்கள் நேராகப் பின்பகுதிக்குப் போக நினைக்கலாம். போங்கள், தவறில்லை. ஆனால் சத்தம் பழகாதவனுக்கு, கூப்பிடுவது யார் என்று தெரியாது. தேவன் கூப்பிட்டதை ஏலி கூப்பிட்டதாக நினைத்து, சிறுவன் சாமுவேல் மூன்று முறை ஏலியிடம் ஓடினான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே தெரிந்ததைச் செய்யுங்கள்

ஒரு தாளை எடுத்துப் பத்து நிமிஷம் உட்காருங்கள். மேலே ஒரே கேள்வி: "ஆண்டவர் எனக்கு ஏற்கெனவே உணர்த்தியும் நான் இன்னும் செய்யாமல் வைத்திருப்பது என்ன?" மூன்று வரிக்குமேல் எழுதவேண்டாம். திருப்பிக் கொடுக்காத கைமாற்று, ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன், யாருக்கும் தெரியாமல் செல்போனில் பார்க்கும் ஏதோ ஒன்று. அதில் சின்னதை எடுத்து இரண்டு நாளுக்குள் செய்துமுடியுங்கள்.

ஏன் இதிலிருந்து ஆரம்பம்? யோவான் 7:17-ல் ஆண்டவர் சொன்ன வரிசையைக் கவனியுங்கள். அவருடைய சித்தத்தின்படி "செய்ய மனதுள்ளவன்" எவனோ அவன் அறிந்துகொள்ளுவான் என்கிறார். மனது முன்னே, அறிவு பின்னே. நாம் இதைத் திருப்பிப் போட்டு, "முதலில் காட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறோம். காட்டியதைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்ததைக் கேட்கிறவருக்கு அடுத்தது கிடைக்கத் தாமதமானால், அதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

இங்கே இரண்டு தவறுகள் நடக்கும். ஒன்று, பொத்தாம்பொதுவாக எழுதுவது. "இன்னும் அதிகமாக ஜெபிக்கவேண்டும்" என்று எழுதினால் அதை எப்போது செய்துமுடித்தீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. "வியாழக்கிழமைக்குள் அண்ணனுக்குப் போன் செய்யவேண்டும்" என்று பெயரும் நாளும் போட்டு எழுதுங்கள். மற்றொன்று, குற்றவுணர்வில் மூழ்கிப்போவது. இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. பரிசுத்த ஆவியானவர் உணர்த்துவது குறிப்பாக இருக்கும், வெளியே வர ஒரு வழியும் அதோடு இருக்கும். "நீ எதற்கும் உதவாதவன்" என்று கேட்கும் குரலில் குறிப்பும் இல்லை, வழியும் இல்லை. ரோமர் 8:1-ஐ வாசித்து அந்தக் குரலை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

காலையின் 25 நிமிஷம்

ஒரு மணி நேரம் ஜெபிக்கத் தீர்மானித்து நான்காம் நாள் விட்டுவிடுவதைவிட, 25 நிமிஷத்தை ஒரு வருஷம் காப்பது மேல். பிரித்துக்கொள்ளும் விதம் இது: அமைதியாக உட்கார்ந்து மனதைச் சேர்த்துக்கொள்ள 3 நிமிஷம், வாசிக்க 10, எழுத 5, ஜெபிக்க 7. பழகப் பழக ஜெபத்தின் பங்கு தானாகவே நீளும். நீளட்டும். ஆனால் வாசிப்பைக் குறைத்து நீட்டவேண்டாம், ஏனென்றால் வாசிக்காமல் ஜெபிக்கிறவர் சில வாரங்களில் தன் சொந்தக் கவலைகளையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரே இடம், ஒரே நாற்காலி, ஒரே நேரம். செல்போன் வேறு அறையில். வேதாகமத்தை செல்போன் செயலியில் வாசிக்கிறவர்கள் இந்த 25 நிமிஷத்துக்கு மட்டுமாவது அச்சுப் புத்தகத்தை எடுங்கள். செயலியில் குறை ஒன்றுமில்லை. அதே திரையில் இரவு வந்த செய்திகளும் காத்திருக்கின்றன, சிக்கல் அதுதான். பக்கத்தில் ஒரு நோட்டும் ஒரு துண்டுச்சீட்டும் இருக்கட்டும். துண்டுச்சீட்டு எதற்கு என்றால், ஜெபத்தில் உட்கார்ந்ததும் கட்டவேண்டிய பில்லும் அனுப்பவேண்டிய கடிதமும் ஞாபகத்துக்கு வரும். அவற்றோடு போராடவேண்டாம். ஒரு வார்த்தை எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். எழுதியது மறுபடி வந்து தொந்தரவு செய்யாது.

காலையில்தான் செய்யவேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆண்டவர் இருட்டோடே எழுந்து ஜெபித்ததை மாற்கு 1:35 சொல்கிறது. ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம்பண்ண வெளியே போனதை ஆதியாகமம் 24:63 சொல்கிறது. இரவுப்பணி செய்கிறவர், கைக்குழந்தை வைத்திருக்கும் தாய், மருந்து சாப்பிட்டு எழ முடியாதவர் யாரும் காலையைத் தவறவிட்டதற்காக வருத்தப்படவேண்டாம். விழிப்பாக இருக்கும் நேரத்தைக் கொடுங்கள். எந்த நேரம் என்பது ஆளுக்கு ஆள் மாறலாம், தினம் தினம் மாறக்கூடாது.

எதை வாசிப்பது? வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரு வருஷத்தில் முடிக்க நாளொன்றுக்கு மூன்று முதல் நான்கு அதிகாரம் ஆகும். இது 10 நிமிஷத்தில் அடங்காது, அவசர ஓட்டமாகிவிடும். முதல் வருஷத்துக்குப் புதிய ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் என்றால் 52 வாரத்தில் சரியாக முடியும். மீதி இரண்டு நாளும் சங்கீதமோ நீதிமொழிகளோ. மாற்குவிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, 16 அதிகாரம்தான், நடை வேகமானது. பிறகு அப்போஸ்தலருடைய நடபடிகள், பிறகு பிலிப்பியர், எபேசியர்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு அதிகாரம் சேர்த்து வாசிக்காதீர்கள். பெரும்பாலான வாசிப்புத் திட்டங்கள் செத்துப்போவது இந்த இடத்தில்தான். நான்கு நாள் பாக்கி சேர்ந்ததும் கணக்கைப் பார்த்து மனம் சோர்ந்து, புத்தகத்தையே மூடிவிடுவார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் வானத்திலிருந்து கிடைத்த மன்னாவை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு என்று அந்தந்த நாளுக்குச் சேர்த்தார்கள். நேற்றையதை மீதம் வைத்தவர்களுக்கு அது பூச்சிபிடித்து நாறிற்று. விட்டது விட்டதுதான். இன்றைய அதிகாரத்தை இன்று வாசியுங்கள்.

ஒரு பகுதியை வாசிக்கும் விதம்

மாற்கு 1:35-39-ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் மெதுவாக, உதடு அசைய வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்குமுன் கொஞ்சம் பின்னே போய் 32 முதல் 34 வரை பாருங்கள். முந்தின நாள் சாயங்காலம் பட்டணத்தார் எல்லாரும் வீட்டு வாசலுக்கு முன் கூடியிருந்தார்கள், அநேகர் சுகமடைந்தார்கள். அந்தக் களைப்பான இரவுக்குப் பின்தான் இந்த அதிகாலை. இப்போது இரண்டாம் முறை வாசித்தால் 37-ம் வசனம் கனமாகிவிடும்: "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்." சீமோன் சொல்வதில் பொய் இல்லை. தேவை உண்மையானது, ஜனங்கள் உண்மையானவர்கள், நேற்று நடந்த அற்புதங்களும் உண்மை. அப்படியிருந்தும் ஆண்டவர் திரும்பிப் போகவில்லை. அடுத்த ஊர்களுக்குப் போவோம், இதற்காகவே வந்தேன் என்கிறார்.

இப்போது நோட்டில் மூன்று வரி. பார்த்தது: எல்லாரும் தேடியும் இயேசு அந்த ஊருக்குத் திரும்பவில்லை. புரிந்தது: கண்ணெதிரே இருக்கும் தேவையெல்லாம் எனக்கான அழைப்பு ஆகிவிடாது, எது எனக்குரியது என்பது பிதாவோடிருக்கும் நேரத்தில் தெளிவாகிறது. இன்று செய்யவேண்டியது: நான் ஒத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருக்கும் அந்தக் கூடுதல் பொறுப்புக்கு, ஜெபித்து இன்று மாலைக்குள் பதில் சொல்வது.

மூன்றாவது வரிதான் உயிர். அது இல்லாமல் பத்து வருஷம் தியானம் செய்தாலும் விஷய அறிவு கூடும், விசுவாசம் கூடாது. விசுவாசம் வளர்வது, சொன்னதை நம்பி ஒரு அடி எடுத்துவைத்து, தரை தாங்குகிறதைக் கண்டபின்தான். எல்லா நாளும் மூன்றாவது வரி கிடைக்காது. வம்சவரலாறு வாசிக்கும் நாளில் வலிந்து எழுதவேண்டாம். "இன்று ஒன்றும் தெளிவாகவில்லை" என்று தேதி போட்டு எழுதிவிட்டு எழுந்திருங்கள்.

பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் சிலருக்குக் கடினமாயிருக்கும். எளிய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பழையதை விட்டுவிடாதீர்கள். அதில் சில சொற்கள் விளக்கவுரை அளவுக்கு வேலை செய்யும். நீதிமொழிகள் 3:5-ல் "உன் சுயபுத்தியின்மேல் சாயாமல்" என்று இருக்கிறது. புத்தியைப் பயன்படுத்தாதே என்று சொல்லவில்லை, சாயாதே என்கிறது. சாய்வது என்றால் முழுப் பாரத்தையும் அதன்மேல் போடுவது. சுவரைத் தொட்டுப் பார்க்கலாம், அளக்கலாம், அதன் மறைவில் நிற்கலாம். விரிசல் விட்ட சுவரில் முதுகைக் கொடுத்தால்தான் ஆபத்து. ஜெபித்துவிட்டோம் என்று யோசிப்பதையே நிறுத்திவிடுகிறவர்கள் இந்த வசனத்தைத் தவறாகப் பிடித்துக்கொண்டவர்கள்.

தூக்கம் வந்தால் எழுந்து நின்று சத்தமாக வாசியுங்கள். மனம் வறண்டிருந்தால் சங்கீதம் ஒன்றை அப்படியே ஜெபமாக்குங்கள், உங்கள் வார்த்தை வராதபோது தாவீதின் வார்த்தை போதும். வறட்சி வாரக்கணக்கில் நீடித்தால், பாவத்தைத் தேடுவதற்குமுன் தூக்கத்தின் அளவைக் கவனியுங்கள். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டுமென்று கோரிய எலியாவுக்கு ஆண்டவர் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தூங்கவிட்டார், சாப்பிடச் சொன்னார், மறுபடி தூங்கவிட்டார், மறுபடி சாப்பிடச் சொன்னார். ஓரேப் மலையில் அமர்ந்த மெல்லிய சத்தம் கேட்டது அதற்கு நாற்பது நாளுக்குப் பிறகு.

பகல் முழுவதும்

தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். ராஜாவைத் தவிர யாரிடமும் விண்ணப்பம் செய்யக்கூடாது என்ற கட்டளை பிறந்த நாளில் அவன் அதைப் புதிதாய் ஆரம்பிக்கவில்லை, "முன் செய்துவந்தபடியே" செய்தான். மதியத்திலும் மாலையிலும் இரண்டு நிமிஷம் நின்று, காலையில் எழுதிய மூன்றாவது வரியை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். நடுவே ஒரு கடினமான பேச்சோ கூட்டமோ வந்தால், எருசலேமின் இடிந்த மதிலுக்காகத் துக்கப்பட்ட நெகேமியாவின் ஜெபம் இருக்கிறது. ராஜா "நீ கேட்கிற காரியம் என்ன" என்கிறார். நெகேமியா பதில் சொல்வதற்கு முன்னே பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபிக்கிறான், ராஜா காத்திருந்ததாகவே தெரியவில்லை. ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சுக்குப் பின்னால் கிஸ்லேயு மாதம் முதல் நிசான் மாதம் வரை ஏறக்குறைய நான்கு மாத ஜெபம் இருந்தது, அதையும் சேர்த்தே பாருங்கள்.

இரவில் ஐந்து நிமிஷம் நோட்டைத் திறந்து மூன்றாவது வரியின் பக்கத்தில் "செய்தேன்" அல்லது "செய்யவில்லை" என்று எழுதுங்கள். செய்யவில்லை என்றால் காரணத்தை ஒரு வார்த்தையில்: மறதி, பயம், கோபம். இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் எந்த வார்த்தை அதிகம் வந்திருக்கிறது என்று தெரியும். பயம் என்று ஐந்தாறு முறை எழுதியிருந்தால், உங்கள் ஜெபத்துக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

பெரிய முடிவு வரும்போது

நோட்டில் ஒரு புதுப் பக்கம். முதல் வேலை, கேள்வியைச் சரியாக எழுதுவது. "என் எதிர்காலம் என்ன?" என்பதற்கு ஒருவராலும் பதில் சொல்ல முடியாது. "இந்த வேலையை, இந்தச் சம்பளத்துக்கு, குடும்பத்தைவிட்டுத் தனியாகப் போய், இந்த மாதம் 30-க்குள் ஒத்துக்கொள்வதா?" என்று எழுதுங்கள். சவுல் ராஜாவுக்குத் தப்பி ஓடிக்கொண்டிருந்த தாவீது, கேகிலா என்ற ஊரைப் பற்றி ஆண்டவரிடம் கேட்ட கேள்விகள் இப்படித்தான் இருந்தன: நான் போகலாமா? சவுல் வருவானா? ஊரார் என்னைக் காட்டிக்கொடுப்பார்களா? முதல் பதிலைக் கேட்டு அவனுடைய மனுஷர் பயந்தபோது மறுபடியும் கேட்டான். ஆண்டவர் கோபிக்காமல் மறுபடியும் பதில் சொன்னார்.

அடுத்து, இது எந்த வகைக் கேள்வி என்று பிரியுங்கள். வேதம் நேரடியாகத் தடைசெய்வதற்கு ஜெபித்து அனுமதி கேட்கவேண்டாம். கணக்கில் பொய் எழுதச் சொல்லும் வேலைக்கு மூன்று நாள் உபவாசம் தேவையில்லை, "வேண்டாம்" என்ற ஒரு வார்த்தை போதும். வேதம் கட்டளையிட்டதற்கும் அடையாளம் கேட்கவேண்டாம். வயதான பெற்றோரைக் கவனிப்பதா என்று தேவசித்தம் தேடுவது, தெரிந்ததைத் தள்ளிப்போடும் வழி. மிஞ்சுவது, இரண்டுமே வேதத்துக்கு உட்பட்ட, ஆனால் ஒன்றைத்தான் தெரிந்துகொள்ள முடிந்த காரியங்கள். உண்மையான தேடல் இங்கேதான்.

இந்த வகைக்குக் குறைந்தது இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் தகவல். சம்பளம், செலவு, வாரத்தில் எத்தனை மணி நேரம் வேலை, அங்கே ஐக்கியம் கொள்ள ஒரு சபை உண்டா, வாழ்க்கைத்துணையின் மனது என்ன, பிள்ளைகளுக்கு என்ன ஆகும். தகவல் தேடுவது அவிசுவாசம் என்று நினைக்கவேண்டாம். நான்கு மாதம் ஜெபித்த நெகேமியா ராஜாவிடம் திரும்பிவரும் காலத்தைக் குறித்துக் கொடுத்தான், தேசாதிபதிகளுக்குக் கடிதம் கேட்டான், மரத்துக்கு வனக்காவலாளனுக்குத் தனிக் கடிதம் கேட்டான். எருசலேமுக்குப் போய் இரவில் அலங்கத்தை, அதாவது நகர மதிலை, சுற்றிப் பார்த்தபின்தான் மற்றவர்களிடம் வாயைத் திறந்தான். அலங்கம் 52 நாளில் கட்டிமுடிந்தது.

இரண்டாம் வாரம் ஆலோசனை. மூன்று பேர் போதும். உங்களை நேசிக்கிற ஒருவர், அந்தத் துறையைத் தெரிந்த ஒருவர், உங்கள் குறைகளைத் தெரிந்த போதகரோ மூப்பரோ ஒருவர். "சரி" என்றே சொல்லக்கூடிய ஆட்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாருக்கும் நடக்கும் தவறு. மூன்று பேரிடமும் ஒரே தகவலைச் சொல்லுங்கள், சாதகமானதை மட்டும் சொல்லி ஆசீர்வாதம் வாங்காதீர்கள். "நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பதைவிட "நான் எதைப் பார்க்கத் தவறுகிறேன்?" என்று கேட்டால் பயனுள்ள பதில் வரும்.

இந்த இரண்டு வாரமும் காலை வாசிப்பு அதன் வரிசையிலேயே போகட்டும். முடிவுக்கு ஏற்ற வசனம் தேடி வேதாகமத்தைப் புரட்டவேண்டாம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், நல்ல விசுவாசிகள் வழுக்கும் இடம் இது. வசனம் சொல்லி ஆலோசனை கொடுப்பவரெல்லாம் தேவனால் வந்தவர் அல்ல. தேவாலயத்து உப்பரிகையில் சோதனைக்காரன் சங்கீதம் 91-ஐச் சொன்னான், வார்த்தைகள் அந்தச் சங்கீதத்திலேயே இருப்பவைதான். ஆண்டவர் உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பதில் சொன்னார். ஒரு வசனம் மனதைத் தொட்டால் மூன்று காரியம் செய்யுங்கள்: அந்த அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள், யாருக்கு எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள், வேதத்தின் மற்றப் பகுதி அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

எரேமியா 29:11-ஐ உதாரணமாக எடுங்கள். சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வாக்குத்தத்தம் எத்தனையோ பேருடைய சுவரில் தொங்குகிறது. அதற்கு முந்தின வசனம், பாபிலோன் சிறையிருப்பு முடிய எழுபது வருஷம் என்கிறது. ஐந்தாம் வசனம், சிறையிருப்பு தேசத்திலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. முந்தின அதிகாரத்தில் அனனியா, இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பும் என்று ஜனங்கள் கேட்க விரும்பியதைத் தீர்க்கதரிசனமாகச் சொல்லியிருக்கிறான், அது பொய் என்று எரேமியா அவன் முகத்துக்கு நேரே சொல்கிறான். இதையெல்லாம் வாசித்தபின் அந்த வாக்குத்தத்தத்தின் ஆறுதல் குறையாது. சீக்கிரம் விடுதலை வராத இடத்திலும் தேவன் நன்மையே நினைக்கிறார் என்பது, சீக்கிரம் வரும் என்பதைவிட உறுதியான ஆறுதல். அனனியாவின் கதை இன்னொன்றும் கற்றுக்கொடுக்கிறது. யாராவது உங்களுக்குத் தீர்க்கதரிசனமாக ஒன்றைச் சொன்னால் அற்பமாய் எண்ணாதீர்கள், சோதிக்காமல் ஏற்கவும் வேண்டாம். 1 தெசலோனிக்கேயர் 5:20-21 இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. சோதிக்க விடாமல் அவசரப்படுத்துகிறவர் சொல்வதை ஓரமாக வையுங்கள்.

திறந்த வாசலும் மன அமைதியும்

"கதவு திறந்தது, அதனால் தேவசித்தம்" என்பது நம் நடுவே சாதாரணமாகப் புழங்கும் பேச்சு. நினிவேக்குப் போகச் சொல்லப்பட்ட யோனா யோப்பா துறைமுகத்துக்குப் போனான், தர்ஷீசுக்குப் போகும் கப்பல் தயாராக நின்றது. கூலி கொடுக்கப் பணமும் இருந்தது. திறந்த வாசல், தவறான திசை. எங்கேதி குகையில் சவுல் தனியே தாவீதின் கைக்கெட்டும் தூரத்தில் வந்தான், கூட இருந்தவர்கள் கர்த்தர் சொன்ன நாள் இதுவே என்றார்கள். சந்தர்ப்பமும் இருந்தது, வாக்கும் இருந்தது, நண்பர்களின் ஒருமனமும் இருந்தது. தாவீது சால்வையின் தொங்கலை அறுத்ததற்கே மனம் அடித்துக்கொண்டு நின்றுவிட்டான், ஏனென்றால் கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்மேல் கைபோடக்கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. வாசல் ஒரு தகவல், அவ்வளவுதான். மற்றத் தகவல்களோடு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மன அமைதியும் அப்படியே. புயலில் கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்கிய யோனாவுக்கு அமைதிக்குக் குறைவில்லை. கெத்செமனேயில் பிதாவின் சித்தத்தின் நடுமையத்தில் இருந்த ஆண்டவரோ வியாகுலப்பட்டார். கொலோசெயர் 3:15-ஐ இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த வசனத்தின் மறுபாதியைப் பாருங்கள், "ஒரே சரீரமாக அழைக்கப்பட்டீர்கள்" என்று சபையாருக்குள் இருக்கவேண்டிய சமாதானத்தையே பேசுகிறது. உள்ளத்தில் கலக்கம் இருந்தால் அதன் பெயரைக் கண்டுபிடியுங்கள். புது இடத்தின் பயமா, மனச்சாட்சியின் குத்தலா? முதலாவதை ஜெபித்துக் கடக்கலாம். இரண்டாவதை ஒருபோதும் கடக்கக்கூடாது.

கிதியோன் ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்டதைப் பற்றியும் கேட்பார்கள். அவன் தோலைப் போட்டது நியாயாதிபதிகள் 6-ன் கடைசியில். "உன்னை அனுப்புகிறவர் நான் அல்லவா" என்று கர்த்தர் சொன்னது 14-ம் வசனத்தில். அதாவது, சித்தம் தெரிந்தபின் பயத்தால் கேட்ட அடையாளம் அது. ஆண்டவர் இரக்கமாய் இரண்டு முறையும் பதில் கொடுத்தார், ஆனால் அது நமக்கு முறையாகக் கற்பிக்கப்படவில்லை. ஆபிரகாமின் ஊழியக்காரன் கிணற்றண்டையில் கேட்டதில் வேறொரு ஞானம் இருக்கிறது. பத்து ஒட்டகங்களுக்குத் தானாக முன்வந்து தண்ணீர் மொண்டு வார்க்கும் பெண் என்று கேட்டான். குணத்தைக் காட்டும் அடையாளம் அது. அவள் வார்த்துக்கொண்டிருக்கையில் அவன் அவசரப்படாமல் மவுனமாய்க் கவனித்துக்கொண்டிருந்தான். கல்யாண விஷயத்தில் அடையாளம் கேட்க விரும்புகிறவர்கள் அந்த அதிகாரத்தை ஒரு வாரம் வாசிக்கலாம்.

காத்திருப்பதா, அடி எடுத்துவைப்பதா

வனாந்தரத்தில் வழிகாட்டிய மேகம் வாசஸ்தலத்தின்மேல் இரண்டு நாள் தங்கினாலும், ஒரு மாதம் தங்கினாலும், ஒரு வருஷம் தங்கினாலும் இஸ்ரவேலர் பாளயத்திலேயே இருந்தார்கள் என்று எண்ணாகமம் 9:22 சொல்கிறது. ஆனால் மேகம் எழும்பியதும் புறப்பட்டார்கள். இரண்டு வாரத்தின் முடிவில், வேதத்தோடு முரண்பாடு இல்லை, ஆலோசகர்கள் சொன்ன ஆபத்துகளுக்குப் பதில் இருக்கிறது, மனச்சாட்சி குத்தவில்லை, கடமைகள் கைவிடப்படவில்லை என்றால், வானத்திலிருந்து இன்னொரு குரலுக்காகக் காத்திருக்கவேண்டாம். யாக்கோபு 1:5-ன்படி ஞானம் கேட்டீர்கள், அந்த ஞானத்தைத் தந்திருக்கிறார் என்று நம்பி, "ஆண்டவருக்குச் சித்தமானால்" என்ற மனதோடு முடிவெடுங்கள். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் பொறுங்கள். எதிர்த்தரப்பு கெடு வைத்திருந்தால் கூடுதல் நாள் கேளுங்கள். கேட்டால் போய்விடும் வாய்ப்பு, போகட்டும்.

முடிவெடுத்த தேதியையும் காரணங்களையும் நோட்டில் எழுதிவையுங்கள். இது பிற்பாடு மிகவும் உதவும், ஏனென்றால் முதல் கஷ்டம் வந்ததும் "தவறு செய்துவிட்டேனோ" என்ற எண்ணம் நிச்சயம் வரும். பவுலும் கூட்டாளிகளும் ஆசியாவிலும் பித்தினியாவிலும் ஆவியானவரால் தடுக்கப்பட்டு, துரோவாவில் தரிசனம் கண்டு, தேவன் அழைத்தார் என்று எல்லாருமாக நிச்சயித்துக்கொண்டு மக்கெதோனியாவுக்குப் போனார்கள். வேதத்தில் இவ்வளவு தெளிவான வழிநடத்துதல் அபூர்வம். பிலிப்பியில் அடி வாங்கி, தொழுமரத்தில் கால் மாட்டப்பட்டதும் அதே அதிகாரத்தில்தான். கஷ்டத்தை வைத்து முடிவை எடைபோடாதீர்கள். எழுதிவைத்த காரணங்களைத் திரும்ப வாசியுங்கள். அவை இன்னும் உண்மையா என்று பாருங்கள்.

ஒரு முறை கேட்ட பதிலை அடுத்த முறைக்கும் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பெலிஸ்தர் ரெப்பாயீம் பள்ளத்தாக்கில் பரவியபோது தாவீது கேட்டான், போ என்று பதில் வந்தது. அதே எதிரி அதே பள்ளத்தாக்கில் மறுபடி பரவியபோதும் கேட்டான். இந்த முறை நேராகப் போகாதே, பின்னாலே சுற்றிப் போ என்று பதில் வந்தது.

உண்மையிலேயே தவறான முடிவு எடுத்துவிட்டால்? பக்கத்திலிருந்தே வந்து தூரதேசத்தார் என்று நடித்த கிபியோனியரின் பூசணம்பிடித்த அப்பத்தையும் பழுதுபார்த்த பாதரட்சைகளையும் யோசுவாவும் பிரபுக்களும் கண்ணால் பார்த்து, "கர்த்தருடைய வாக்கைக் கேளாமல்" அவர்களோடு உடன்படிக்கை செய்தார்கள். மூன்று நாளில் ஏமாந்தது தெரிந்தது. கொடுத்த வாக்கை முறிக்கவில்லை. அடுத்த அதிகாரத்தில் அந்தக் கிபியோனைக் காக்கப் போன யுத்தத்திலேயே கர்த்தர் வானத்திலிருந்து கல்மழையை அனுப்பி ஜெயம் கொடுத்தார். ஆகவே தவறை ஒத்துக்கொள்ளுங்கள், கேளாமல் போனதற்கு மன்னிப்புக் கேளுங்கள், கொடுத்த வாக்கையும் ஏற்ற பொறுப்பையும் காப்பாற்றுங்கள். பாவமான உடன்பாடாயிருந்தால் மட்டும் அதைவிட்டு வெளியே வாருங்கள். பிறகு அதே நோட்டில், அதே பக்கத்தின் அடியில், எந்த இடத்தில் கேட்கத் தவறினோம் என்று ஒரு வரி எழுதி, நாளைய அதிகாரம் எதுவோ அங்கே அடையாள நாடாவை வைத்துவிட்டுத் தூங்குங்கள்.